மஞ்சள் பந்துக்கு ஏற்ற பேனா

டெல்பர்ட் ஹாஸ்கெட் சாப்பாட்டு மேசையில் பேனாக்களைப் பரப்பிவைத்துக்கொண்டு, ஒரு பேஸ்பால் பந்தின் மேல் ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தார். முட்டைப் பொரியல் தட்டு ஓரமாகத் தள்ளப்பட்டு ஆறிக் கிடந்தது. பந்து ஏறக்குறைய நிறைந்துவிட்டது. எங்கு திருப்பினாலும் ஒரே பெயர்: டார்சி, டார்சி, டார்சி.

அவர் மனைவி ரமோனா காபிக் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"அவ பேரை நீயே இத்தனை தடவ எழுதிட்ட. இன்னும் அவ எதுக்கு வந்து எழுதணும்?"

"இது சோதனை."

"லாரி எடைமேடையத்தான் சோதனை போடுவ. இப்ப பேனாவுக்குமா?"

"பேனாவ நம்பக் கூடாது ரமோனா. கடையில காகிதத்துல நல்லா எழுதும். பந்துல வெச்சா காலை வாரும்."

டெல்பர்ட்டுக்கு அதுதான் தொழில். ஓக்லஹோமா முழுக்கத் தானியக் கிடங்குகளுக்குப் போய், கோதுமை லாரிகளை நிறுத்தும் எடைமேடைகள் உண்மை சொல்கின்றனவா என்று பார்ப்பவர். தெரிந்த எடையை ஏற்றிப் பார்க்காமல் எந்த முள்ளையும் நம்ப மாட்டார். வார இறுதிகளில் அதே கண்ணோடு பேஸ்பால் மைதானத்தின் வேலியோரம் நிற்பார், வீரர்களிடம் கையெழுத்து வாங்க.

அந்தப் பல வருட நிற்றலில் அவர் கண்டுபிடித்தவை கொஞ்சநஞ்சமல்ல. பேஸ்பால் பந்துக்கு வெளியே போர்த்தியிருப்பது பசுத்தோல். தோல் என்றால் நார், நாருக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத சந்துகள். ஜெல் பேனாவின் மை அந்தச் சந்துக்குள் இறங்காமல் மேலேயே நிற்கும். கட்டைவிரல் பட்டால் இழுத்துக்கொண்டு போய்விடும். மார்க்கர் அதற்கு நேர் எதிர். அதன் மை தண்ணீராக இளகியது, சந்து சந்தாக ஓடிவிடும். எழுதிய அன்று பளிச்சென்று இருக்கும். வருடம் போகப் போக எழுத்தின் ஓரத்தில் நிழல் விழும், நிழல் தடிக்கும், கடைசியில் பெயர் இருந்த இடத்தில் ஒரு ஊதா மேகம்தான் மிஞ்சும். பால்பாயிண்ட் மட்டும்தான் யோக்கியம். அதன் மை எண்ணெய் கலந்து கெட்டியாக இருப்பதால் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். அதிலும் நீலம்தான் எடுக்க வேண்டும். கறுப்பில் போட்டால் பந்தில் அச்சடித்த கம்பெனி முத்திரையோடு சேர்ந்துகொண்டு கையெழுத்து கையெழுத்தாகத் தெரியாது. குளிர்காற்று அடிக்கும் நாளில் பேனாவைச் சட்டைக்கு உள்பையில், நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். உடம்புச் சூட்டில் மை இளகி முதல் கோட்டிலேயே ஓடி வரும்.

இன்று காலை அவர் மூன்று பேனாக்களைத் தேர்ந்தெடுத்தார். மூன்றும் நீலம், மூன்றும் நடுத்தர முனை.

"அந்த மஞ்சப் பந்துல எழுதிப் பாத்தியா?" என்று கேட்டாள் ரமோனா.

மேசையின் நடுவே, பேஸ்பாலைவிடக் கொஞ்சம் பெரிதாக, புத்தம்புது மஞ்சள் சாஃப்ட்பால் பந்து ஒன்று கண்ணாடித்தாள் உறைக்குள் இருந்தது. டெல்பர்ட் கையை நீட்டி அதை மறைத்தார்.

"உறையப் பிரிச்சா விரல் எண்ணெய் படும். கையெழுத்து போடற நிமிஷம் வரைக்கும் பிரிக்கக் கூடாது."

"கராஜ்ல பழசு ஒரு கூடை கெடக்கே."

"பந்து பந்துதான் ரமோனா."

அவள் காபியைக் குடித்தாள்.

டார்சி அவர்களுடைய ஒரே மகள். எல்ம் ஃபோர்க் கல்லூரியின் சாஃப்ட்பால் அணியில் கேட்சர், அதாவது மட்டைக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவள். இன்று அவளுடைய கடைசி உள்ளூர் ஆட்டம். அடுத்த மாதம் நெப்ராஸ்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் பயிற்சியாளர் வேலை. பெட்டிகள் பாதி கட்டியாகிவிட்டன. ஒவ்வொரு உள்ளூர் ஆட்டம் முடிந்ததும் அந்தப் பெண்கள் மைதானத்து ஓரம் மேசை போட்டு உட்கார்ந்து, ஊர் ஜனங்களுக்குக் கையெழுத்துப் போடுவார்கள். இன்று டெல்பர்ட் அந்த வரிசையில் நிற்கப்போகிறார். மகளிடம் ஒரு கையெழுத்து கேட்கப்போகிறார். இதற்காக ஒரு வாரமாகத் தூக்கம் சரியில்லை.

வீட்டு அறையில் கண்ணாடி அலமாரி நிறையப் பந்துகள் இருக்கின்றன. ஒரு பருவம் ஆடிவிட்டுக் காணாமல் போனவர்கள், பெயரைச் சொன்னால் நாடே திரும்பிப் பார்ப்பவர்கள், எல்லோரும் அதில் உண்டு. டார்சி இல்லை.

ஒரு காலத்தில் இருந்தாள், அரை நாள் மட்டும். ஒன்பது வயதில், கராஜிலிருந்து ஒரு பேஸ்பாலை எடுத்து, பள்ளிக்கூடத்து ஊதா மார்க்கரால் தன் பெயரைச் சுற்றி வளைத்து எழுதி, நாற்காலி போட்டு ஏறி, அலமாரியின் நடுத்தட்டில் வைத்துவிட்டாள். வேலையிலிருந்து வந்த டெல்பர்ட் பார்த்தார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட மறந்துபோயிருக்கும். பந்தை எடுத்து, அவளை மடியில் உட்காரவைத்து, தோலைப் பற்றியும் மையைப் பற்றியும் அவ்வளவு அன்பாக, அவ்வளவு விவரமாகச் சொன்னார். "இது பரவிடும் கண்ணு. நல்ல பேனா வாங்கித் தரேன், வேறொண்ணுல போட்டுக்கலாம்." அவள் தலையாட்டினாள். பந்தை வாங்கிக்கொண்டு போய்க் கொல்லைப்புறத்தில் நாய்க்கு வீசி விளையாடினாள்.

நல்ல பேனா வாங்கித்தான் வந்தார். அவள் எழுதவில்லை. ஆறேழு வருடம் கழித்து ஒருமுறை மறுபடி கேட்டபோது, "வேண்டாம்பா, நான் எழுதினா கெட்டுப்போயிடும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னதுதான் அவருக்குள் தங்கிவிட்டது. அதன் பிறகு அவர் கேட்கவே இல்லை. கல்லூரி ஆட்டம் எதையும் தவறவிட்டதில்லை. ஆனால் மேசை போடும் நேரம் வந்தால், "வண்டிய எடுத்து வைக்கறேன்" என்று எழுந்து போய்விடுவார்.

மைதானத்தில் காற்று செம்மண்ணை வாரி இறைத்தது. ஆட்டத்துக்கு முன்னால், கடைசி வருடப் பெண்களைப் பெற்றோர்கள் கைகோத்து மைதானத்துக்குள் அழைத்துப் போகும் சடங்கு. டார்சி நடுவில், ஒரு பக்கம் ரமோனா, ஒரு பக்கம் டெல்பர்ட். ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிப் பூங்கொத்து கொடுத்தார்கள். டெல்பர்ட்டின் நெஞ்சுப்பையில் மூன்று பேனாக்களும், கோட்டுப்பையில் உறை பிரிக்காத பந்தும் இருந்தன. மகள் அவர் தோளில் சாய்ந்தபோது பந்து இடுப்பில் முட்டியது.

"என்னப்பா பையில, ஆப்பிளா?"

"ஆமா" என்று சொல்லிவிட்டார்.

ஆட்டம் கடைசிவரை இழுத்தடித்தது. எதிரணிப் பெண் ஒருத்தி இரண்டாம் பேஸுக்குத் திருட்டுத்தனமாக ஓட, டார்சி முட்டி போட்டபடியே பந்தை எறிந்து அவளை அவுட்டாக்கியபோது டெல்பர்ட் எழுந்து நின்று கத்தியதில், முன்வரிசைக்காரரின் சூரியகாந்தி விதைகள் சிதறின. ஒரே ஓட்ட வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். பெண்கள் மைதானத்தின் நடுவில் ஒரு குவியலாக விழுந்து அழுது சிரித்துவிட்டு, முகம் கழுவி, மேசைகளை இழுத்துப் போட்டார்கள்.

டெல்பர்ட் பழக்கதோஷத்தில் எழுந்தார். "வண்டிய..."

"சாவியக் குடு" என்று கையை நீட்டினாள் ரமோனா. "இன்னிக்கி நான் எடுக்கறேன். நீ போய் நில்லு."

"கூட்டமா இருக்கு."

"நீ நிக்காத வரிசையா? மழையில நின்ன, சுரத்தோட நின்ன. யாரோ ஒருத்தன் முகத்தக்கூடத் திருப்பாமப் போனதுக்கு மூணு மணி நேரம் நின்ன. போ."

சாவியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

வரிசையில் நின்றார். பந்து இருக்கிறதா என்று பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பந்தின் கண்ணாடித்தாள் சரசரத்துக்கொண்டே இருந்தது. அவருக்குப் பின்னால் மாட்டுக்காரத் தொப்பி வைத்த ஒரு பெரிய மனிதர், பொரித்த பழப்பணியாரத்தைத் தின்றபடி போஸ்டரை அக்குளில் இடுக்கியிருந்தார்.

டார்சி தலை குனிந்து எழுதிக்கொண்டே கூப்பிட்டாள். "அடுத்தது வாங்க. பந்தா, போஸ்டரா?"

"பந்து."

அவள் நிமிர்ந்தாள்.

"அப்பா? ஏன், வண்டி ஸ்டார்ட் ஆகலையா?"

"ஆகும். அம்மா எடுக்கப் போயிருக்கா. நான் கையெழுத்துக்கு வந்தேன்."

பக்கத்து நாற்காலியில் இருந்த பந்து வீசும் பெண் கெய்லின் வாய்விட்டுச் சிரித்தாள். "ஏ டார்சி, உங்கப்பா வரிசையில நின்னா வந்தாரு? என் அப்பால்லாம் நேரா நடுவுல பூந்துடுவாரு!"

டார்சி சிரிக்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். டெல்பர்ட் கண்ணாடித்தாளைப் பிரித்து, பந்தைத் தையல் மேல் மட்டும் விரல் படும்படி பிடித்து நீட்டினார். பிறகு நெஞ்சுப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்துக் கொடுத்தார்.

"சூடா இருக்கே" என்றாள்.

"காலையிலேர்ந்து நெஞ்சுகிட்ட வெச்சிருக்கேன். மை உடனே வரும்."

வரவில்லை.

டார்சி முதல் எழுத்தின் முதல் கோட்டை இழுத்தாள். பேனா பனிக்கட்டிமேல் போன மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. மறுபடி இழுத்தாள். லேசான ஒரு பள்ளம் விழுந்தது, நிறம் இல்லை. டெல்பர்ட் இரண்டாவது பேனாவைக் கொடுத்தார். அதுவும் அப்படியே. மூன்றாவது, ஒரு நீலப் புள்ளி வைத்துவிட்டு நின்றுபோனது.

பால்பாயிண்ட் பேனாவின் முனையில் கடுகிலும் சின்னதாக ஓர் உலோகக் குண்டு இருக்கிறது. அது உருண்டால்தான் உள்ளே இருக்கும் மையை எடுத்து வெளியே தடவும். உருள வேண்டுமென்றால் எழுதும் பரப்பு அதைக் கொஞ்சம் பிடித்து இழுக்க வேண்டும். காகிதம் பிடிக்கும், பசுத்தோல் பிடிக்கும். இந்த மஞ்சள் உறை ரப்பர் போலச் செய்த செயற்கைச் சரக்கு, அதிலும் புதிது, மேலே வழவழவென்று ஒரு பூச்சு. அது குண்டைப் பிடிக்காமல் நழுவ விட்டது. இதையெல்லாம் அந்த ஒரு நொடியில் டெல்பர்ட் புரிந்துகொண்டார். இந்த மாதிரிப் பந்தை அவர் கையுறையில் எத்தனையோ ஆயிரம் தடவை பிடித்திருக்கிறார், கொல்லைப்புறத்தில், இருட்டும்வரை, மகள் எறிய எறிய. அதன் மேல் ஒரு கோடு எழுதிப் பார்த்ததில்லை.

"என்னங்க அங்க, நெலம் கிரயம் பண்றீங்களா?" என்றார் தொப்பிக்காரர். "என் பணியாரமே தீந்துபோச்சு."

"ஒரு நிமிஷங்க" என்று சொல்லிவிட்டு, டார்சி மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் குவளையிலிருந்து ஒரு கறுப்பு மார்க்கரை எடுத்து மூடியைக் கழற்றினாள்.

"மார்க்கர் வேண்டாம்."

யோசித்துச் சொன்னதில்லை. கண்ணுக்கு நேரே தூசி வந்தால் இமை மூடுகிற மாதிரி, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

டார்சியின் கை அப்படியே நின்றது. மூடியைத் திரும்ப மாட்டினாள். அது கிளிக்கென்று பொருந்திய சத்தம் டெல்பர்ட்டுக்குத் துல்லியமாகக் கேட்டது. அவள் முகத்தில் கோபம் இல்லை. அந்த ஒன்பது வயதுத் தலையாட்டல்தான் இருந்தது.

"சரிப்பா. வீட்டுல வேற பேனா பாத்துப் போட்டுக்கலாம்."

வேறு பேனா பார்த்துப் போட்டுக்கொள்வது என்றால் என்னவென்று அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவள் பந்தை மெதுவாக அவர் பக்கம் உருட்டினாள். அடுத்த மாதம் இந்நேரம் அவள் நெப்ராஸ்காவில் இருப்பாள்.

டெல்பர்ட் பந்தை எடுக்கவில்லை.

"அதுலயே போடு" என்றார்.

"எதுல?"

"மார்க்கர்ல."

"பரவிடும்பா."

"பரவட்டும்."

"பத்து வருஷத்துல என்ன எழுதியிருக்குன்னே தெரியாது. நீதான சொன்ன, மேகம் மாதிரி ஆயிடும்னு."

"எனக்குத் தெரியும்ல என்ன எழுதியிருக்குன்னு."

கெய்லின் தன் போஸ்டரிலிருந்து தலையைத் தூக்கினாள். தொப்பிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, போஸ்டரை மறு அக்குளுக்கு மாற்றிக்கொண்டார். டார்சி குனிந்துகொண்டாள், அவள் தொப்பியின் விளிம்பு முகத்தை மறைத்தது. உள்ளங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, அவள் கண்ணில் ஒரு குறும்பு வந்திருந்தது.

"பரவாதுப்பா."

"என்னது?"

"இது தோலே இல்ல. மை உள்ள போறதுக்கு இதுல எடமே கெடையாது, மேலயே ஒக்காந்துக்கும். நாலு வருஷமா போட்டுட்டு இருக்கேன், எனக்குத் தெரியாதா? முதல் வருஷம் போட்ட பந்து கோச் ரூம்ல இருக்கு. ஓரம் இப்பவும் கத்தி மாதிரி இருக்கு."

டெல்பர்ட் தன்னை மறந்து மேசைமேல் குனிந்தார். "உள்ள போகாதா? அப்ப காயறதுக்கு நேரம் ஆகுமே?"

"ஆகும். அதான் இதுல இருக்கற ஒரே தொல்லை. ஒடனே பையில போட்டா போச்சு, எல்லாம் ஈஷிக்கும். அப்பறம் வெயில் ஆகாது, வெளிறிடும். நீலத்துல போடவே கூடாது."

"ஏன், நீலம்தான..."

"மஞ்ச மேல நீலம் போட்டா பாசி புடிச்ச மாதிரி பச்சையாத் தெரியும். கறுப்புதான்."

"அட" என்றார் டெல்பர்ட். எடைமேடையில் இதுவரை பார்க்காத ஒரு பல்சக்கரத்தைக் கண்டுபிடித்தவர் முகம் போல அவர் முகம் ஆகிவிட்டது. "புதுப் பந்துல மேல பூச்சு இருக்கே, அதுக்கு என்ன பண்ணுவ?"

"இப்படி." ஜெர்சியின் முனையைப் பிடித்து, கையெழுத்து போடவேண்டிய இடத்தை அழுத்தித் துடைத்தாள். செம்மண்ணும் வியர்வையும் ஏறிய ஜெர்சி. வேறு எந்த நாளாக இருந்தாலும் டெல்பர்ட் அலறியிருப்பார். இன்று, "அந்த ஓரத்துல இன்னும் கொஞ்சம்" என்று சொன்னார்.

அவள் மார்க்கரைத் திறந்து, பந்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, எல்லோரிடமும் கேட்கிற மாதிரியே கேட்டாள். "பேர் போடணுமா?"

இதற்கு டெல்பர்ட்டிடம் காலங்காலமாக ஒரே பதில்தான். வேண்டாம், வெறும் கையெழுத்து போதும். சேகரிப்பவர்கள் யாரும் 'இன்னாருக்கு' என்று எழுத விடமாட்டார்கள். ஒருவர் பெயரைப் போட்டுவிட்டால் அந்தப் பந்து அந்த ஒருவருடையதாகவே ஆகிவிடும். வேறு யாருக்கும் கைமாற்ற முடியாது, மதிப்பும் இறங்கிவிடும்.

"போடு" என்றார்.

"டெல்பர்ட்டுக்குன்னா?"

"என்னிக்கி நீ என்னை டெல்பர்ட்னு கூப்ட்ட?"

அவள் சிரித்துக்கொண்டே குனிந்தாள். மார்க்கரின் பஞ்சுமுனைக்கு யாரும் பிடித்து இழுக்க வேண்டியதில்லை, தொட்டாலே மை தானாக இறங்கி வரும். கறுப்பு வரி தடையில்லாமல் ஓடியது. 'அப்பாவுக்கு' என்று முதலில், அதன் கீழே பெரிதாகச் சுழித்து 'டார்சி', அதன் வாலில் அவளுடைய ஜெர்சி எண். எழுதி முடித்ததும் ஒருமுறை ஊதினாள்.

"தையல்ல ரெண்டு வெரல் மட்டும் வெச்சுப் புடி. எங்கயும் உரசக் கூடாது. அஞ்சு நிமிஷமாவது ஆகும். ஓரமா இங்கயே நில்லு."

"இங்கயேவா?"

"நடந்தா தூசி ஒட்டும்பா. காத்து எப்படி அடிக்குது பாரு. எனக்குப் பின்னாடி நின்னுக்கோ."

டெல்பர்ட் மேசையைச் சுற்றிப் போய் மகளின் நாற்காலிக்குப் பின்னால், காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். இரண்டு விரல் நடுவில் பந்து, இன்னொரு கை அதற்குக் குடையாக. முன்னால் வந்த தொப்பிக்காரர் போஸ்டரை விரித்துவிட்டு டார்சியிடம், "அவரு இங்க வேலை பாக்கறாரா?" என்று கேட்டார்.

"ஆமா. இன்னிக்கித்தான் சேந்தாரு."

இத்தனை வருடம் டெல்பர்ட் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கைகளை மட்டுமே பார்த்திருக்கிறார், கை எங்கே எழுதுகிறது, எதால் எழுதுகிறது என்று. இன்று எதிரே நிற்பவர்களின் முகங்கள் தெரிந்தன. டார்சி ஒவ்வொருவரிடமும் பந்தை வாங்கும் முன் பெயர் கேட்டாள். மட்டை கொண்டு வந்த பெண்ணிடம் அதன் கைப்பிடி எடையைப் பற்றிப் பேசினாள். மார்க்கர் ஒன்று மங்கத் தொடங்கியபோது, முனையைக் கீழ்நோக்கிப் பிடித்து இரண்டு உதறு உதறி, சரிவராமல் போகவே, திரும்பிப் பார்க்காமல் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினாள். டெல்பர்ட் குடை பிடித்த கையால் அதை வாங்கி, மூடி, தலைகீழாக நெஞ்சுப்பையில் செருகிக்கொண்டார், மை முனைக்கு இறங்கட்டும் என்று. குவளையில் கிடந்தவற்றில் ஒன்றை எடுத்து, முனையைக் கட்டைவிரல் நகத்தில் தொட்டுப் பார்த்து, கறுப்பு நன்றாக இறங்குகிறது என்று தெரிந்த பிறகு அவள் கையில் வைத்தார்.

"தேங்க்ஸ்பா."

வெளியே ஹார்ன் அடித்தது. மறுபடி அடித்தது. கொஞ்ச நேரத்தில் ரமோனாவே புழுதியைத் தட்டிக்கொண்டு உள்ளே நடந்து வந்தாள். கணவர் நிற்கும் கோலத்தைப் பார்த்தாள், கையில் இருந்த பந்தைப் பார்த்தாள். கிட்டே வந்து அதில் எழுதியிருந்ததைப் படித்தாள். பிறகு சுண்டுவிரலால் எழுத்தின் ஓரத்தை லேசாகத் தொட்டு, விரலைத் திருப்பிப் பார்த்தாள். விரலில் ஒன்றும் இல்லை.

"காஞ்சிருச்சே டெல்பர்ட்."

"இன்னும் இல்ல" என்றார் அவர். "நீ போய் வண்டிய அணைச்சுட்டு வா."